எங்கள் பூட்டனுக்கு யார் பிறப்புச் சான்றிதழ் கொடுத்தார்?

(அரசமைப்பு நாளையொட்டி நீலகிரியில் கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘குடியுரிமையும் கடமையும்’ என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இங்கே போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இந்தியக் குடியுரிமை பெற எத்தனை வழி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வீர்கள்: பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புரிமை, நிலப்பரப்பு இணைப்பு. ஐந்து வழி, 1955ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு மதிப்பெண். அந்த ஒரு மதிப்பெண் கேள்விக்குள்ளே எத்தனை லட்சம் பேருடைய வாழ்க்கை இருக்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

என் அம்மாயியின் தகரப் பெட்டியில் ஒரு பழைய இந்திய பாஸ்போர்ட் இருந்தது. 1972இல் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு வந்த கப்பலில் அவர் ஏறியபோது கையில் இருந்தது அதுதான். படத்தில் அம்மாயியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை. பிறந்த இடம் என்ற இடத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பெயர். அதாவது அவர் இந்தியாவில் பிறக்கவில்லை. அதற்கு முன்பு ஒருநாளும் இந்தியாவைப் பார்த்ததும் இல்லை. ஆனால் அரசாங்கக் காகிதங்களில் அவர் பெயர் ‘தாயகம் திரும்பியவர்’. போகாத ஊரிலிருந்து எப்படித் திரும்புவது என்று நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகுதான் யோசித்தேன். அம்மாயி அதை முன்பே வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்: “கப்பல்ல ஏத்துனப்பதான்டா எனக்கே தெரியும், நான் இந்தியாக்காரின்னு.”

நம்மில் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒரு தகரப் பெட்டி இருக்கும். இந்த மலையில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி என்று எங்கு போனாலும் நம்மைச் ‘சிலோன்காரன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அங்கே இருந்தபோது ‘இந்தியாக்காரன்’, ‘கள்ளத்தோணி’. கடல் தாண்டினால் பெயர் மட்டும் மாறுகிறது.

மூன்று தலைமுறைக்குச் சான்று

கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் காப்பிக்கு, பிறகு தேயிலைக்கு என்று திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து நம் முன்னோரைக் கங்காணிகள் கூட்டிப்போனார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 2023இல் ‘மலையகம் 200’ என்று சொல்லி அதே தலைமன்னார் – மாத்தளை வழியில் மலையகத் தோழர்கள் நடந்தார்கள். போனவர்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர். பஞ்சம் துரத்தியது என்று பாடப்புத்தகம் சொல்லும். நிலம் இல்லாதவனைத்தான் பஞ்சம் முதலில் துரத்தும் என்பதை நாம்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1948 பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. நவம்பர் 15 முதல் நடைமுறை. அந்தச் சட்டம் என்ன கேட்டது? நீ இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. உன் அப்பன் இலங்கையில் பிறந்தவன் என்று காட்டு. இல்லாவிட்டால் உன் அப்பனுடைய அப்பனும், அவனுடைய அப்பனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்று காட்டு. அதாவது பாட்டனுக்கும் பூட்டனுக்கும் சான்று.

சட்டத்தில் தமிழர் என்ற சொல் இல்லை. தோட்டத் தொழிலாளி என்ற சொல் இல்லை. எல்லாருக்கும் ஒரே விதி. ஆனால் கொழும்பில் மாளிகை வைத்திருந்தவனுக்குப் பூட்டனுடைய பெயர் கோயில் ஏட்டிலோ, தேவாலயப் பதிவிலோ, நிலப் பத்திரத்திலோ இருக்கும். லயத்துக் காம்பிராவில் பிறந்தவனுக்கு எங்கே இருக்கும்? பூட்டன் காலத்தில் அவனுடைய பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் கங்காணியின் கடன் கணக்கு. அதில் பிறந்த இடம் எழுதுவதில்லை, பட்ட கடனைத்தான் எழுதுவார்கள்.

இப்படி ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அதற்கு அடுத்த மாதம், 1948 டிசம்பர் 10ஆம் தேதி, ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் உரிமை உண்டு என்று ஐ.நா. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆம் பிரிவில் எழுதியது. நம் ஆட்களுக்கு யாரும் அதைப் படித்துக் காட்டவில்லை.

1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன்பு கல்யாணம் ஆனவர் ஏழு ஆண்டும், ஆகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் இருந்ததாகக் காட்ட வேண்டும். சுமார் எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பம் போட்டார்கள். கடைசியில் ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர். அதே 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி வாக்குரிமையைப் பறித்தார்கள். 1947 தேர்தலில் மலையகத் தோட்டங்களிலிருந்து உறுப்பினர்கள் நாடாளுமன்றம் போயிருந்தார்கள். 1952 தேர்தலில் ஒருவரும் போக முடியவில்லை.

இதை டி.எஸ். சேனநாயக்க என்ற சிங்களத் தலைவர் செய்தார் என்று சொல்லி முடித்துவிட்டால் நமக்கு வசதிதான். ஆனால் முடியாது. யாழ்ப்பாணத்துத் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். அதே ஆண்டில் அதே அரசில் அமைச்சரும் ஆனார். அடுத்த ஆண்டு வந்த வதிவாளர் சட்டத்தை ஆதரித்தார். அவரிடமிருந்து பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மொழி ஒன்றுதான், ஆனாலும் கொழுந்து பறிக்கிறவளுக்கும் வழக்காடுகிறவருக்கும் இடையில் ஒரு கோடு இருந்தது. அந்தக் கோடு வர்க்கம் மட்டும் இல்லை, சாதியும்தான். மலையகத்தாரைத் ‘தோட்டக்காட்டான்’ என்று சொன்ன வாய்கள் எல்லாம் சிங்கள வாய்கள் அல்ல.

ஆளைப் பங்கு போட்ட ஒப்பந்தம்

இவர்கள் இலங்கையின் பொறுப்பு என்று நேரு கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இறந்த ஐந்தே மாதத்தில், 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். பத்து ஆண்டு கழித்து, 1974இல், சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்தார்கள்.

தோழர்களே, இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். எல்லாம் ஐந்திலும் பூச்சியத்திலும் முடிகிற எண்கள். மனிதர்களை எண்ணினால் இப்படி வராது. ஆட்டு மந்தையை அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் வரும். யார் எந்தப் பக்கம் போக விரும்புகிறார்கள் என்று அந்த மக்களிடம் முதலில் கேட்டு, பிறகு எண்ணவில்லை. எண்ணை முடிவுசெய்துவிட்டு, பிறகு ஆளைத் தேடினார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை. என் அம்மாயியின் அக்கா இலங்கைப் பக்கம். பிரிந்த பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

இப்படி இந்தியா வந்தவர்கள் சுமார் 4,60,000 பேர். 1984இல் போர் காரணமாகத் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்திய பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே பலர் அங்கேயே நின்றுபோனார்கள். 1988இல் ஒரு சட்டம், 2003இல் இன்னொரு சட்டம் என்று இலங்கை கடைசியில் அவர்களை ஏற்றுக்கொண்டது. 1948இல் பறித்ததை முழுவதுமாகத் திருப்பிக் கொடுக்க 55 ஆண்டு ஆகியிருக்கிறது.

எல்லை போடும்போது சாதி எப்படி வேலை செய்யும் என்பதற்கு இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்கிறேன். 1947 பிரிவினையின்போது பாகிஸ்தானிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். கராச்சியில் மலம் அள்ளுகிற, தெருக்கூட்டுகிற தலித் மக்களை மட்டும் பாகிஸ்தான் அரசு விடவில்லை. காரணம், அத்தியாவசியப் பணியாம். நீ போனால் யார் அள்ளுவது? அந்த டிசம்பரில் அண்ணல் அம்பேத்கர் இதைப் பற்றி நேருவுக்குக் கடிதம் எழுதினார். கராச்சியில் போகவிடவில்லை, கண்டியில் இருக்கவிடவில்லை. பார்வைக்கு எதிரெதிராகத் தெரியும். ஆனால் இரண்டு இடத்திலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த உழைப்பு எங்களுக்கு எவ்வளவு தேவை? இலங்கை மூன்று லட்சம் பேரை வைத்துக்கொண்டதும் பாசத்தால் இல்லை. தேயிலையை யார் பறிப்பது?

மண்ணிலிருந்து ரத்தத்துக்கு

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். அரசமைப்பின் 5ஆவது உறுப்பு முதல் 11ஆவது உறுப்பு வரை குடியுரிமை. வேறு ஒரே ஒரு உறுப்பைத் தவிர, வரைவுக் குழுவுக்கு இந்தப் பகுதியைப்போலத் தலைவலி கொடுத்தது எதுவும் இல்லை என்று 1949 ஆகஸ்டில் அம்பேத்கர் அவையில் சொன்னார். அத்தனை திருத்தங்கள், அத்தனை வரைவுகள். ஆனாலும் அவர்கள் கொண்டுவந்தது பெருந்தன்மையான ஒன்று. இந்தியாவில் வாழ்ந்துகொண்டு, இங்கே பிறந்திருந்தால் குடிமகன். தாய், தந்தை இருவரில் ஒருவர் இங்கே பிறந்திருந்தாலும் குடிமகன். வெளிநாட்டில் வாழ்கிற இந்திய வம்சாவளியினருக்கு 8ஆவது உறுப்பு. அதில் தாயும் உண்டு, தாயின் தாயும் உண்டு. இலங்கைச் சட்டம் அப்பன், பாட்டன், பூட்டன் என்று ஆண்வழியிலேயே போனதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

1955 சட்டமும் அப்படித்தான் தொடங்கியது. 1950 ஜனவரி 26க்குப் பிறகு இந்திய மண்ணில் பிறந்த குழந்தை, தூதர் வீட்டுக் குழந்தை போன்ற சில விலக்குகள் தவிர, இந்தியக் குடிமகன். அப்பன் யார் என்ற கேள்வி இல்லை.

பிறகு என்ன ஆயிற்று? 1986இல் திருத்தம். 1987 ஜூலை 1 முதல் பிறக்கிற குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இலங்கையிலிருந்து வந்தவர்களும் ஒன்று. 2003இல் அடுத்த திருத்தம். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தால் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகன், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல் அந்தத் திருத்தத்தில்தான் சட்டத்துக்குள் வந்தது. அதைத் தமிழில் எங்கள் அம்மாயி எப்போதோ கேட்டிருக்கிறார்: கள்ளத்தோணி. 2019இல் மதமும் வந்துவிட்டது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகள், ஆறு மதங்கள். முஸ்லிம் இல்லை. இலங்கை இல்லை.

மண்ணில் தொடங்கி, ரத்தத்துக்கு வந்து, மதத்தில் நிற்கிறது. நான் சாதி எதிர்ப்பு இயக்கத்தில் வளர்ந்தவன். உன் அப்பன் யார், அவன் அப்பன் யார் என்று கேட்டுத்தான் நீ எங்கே குடியிருக்கலாம், எந்தக் கிணற்றில் நீர் மொள்ளலாம் என்று முடிவுசெய்கிற ஏற்பாட்டுக்கு நமக்கு ஏற்கெனவே ஒரு பெயர் தெரியும். ஊரில் அதன் பெயர் சாதி. அதையே நாடு செய்தால் குடியுரிமைச் சட்டத் திருத்தம் என்கிறோம்.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதி வேண்டாமா, யார் வேண்டுமானாலும் குடிமகன் ஆகிவிட முடியுமா என்று சில நண்பர்கள் கேட்பார்கள். விதி வேண்டும்தான். ஆனால் எந்த விதி, நிரூபிக்கிற பாரம் யார் தலையில் என்பதுதான் கேள்வி. வெளிநாட்டவர் சட்டம் சந்தேகப்படுகிற அரசின் மீது அந்தப் பாரத்தை வைக்கவில்லை. சந்தேகிக்கப்படுகிறவர் மீதுதான் வைத்தது. அசாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வந்த குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேர் விடுபட்டார்கள். ஆதார் இருக்கிறதே என்பீர்கள். ஆதார் குடியுரிமைக்குச் சான்று இல்லை என்று ஆதார் சட்டத்தின் 9ஆவது பிரிவே சொல்கிறது. 2025இல் பீகாரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தபோது 1987, 2004 என்ற அதே ஆண்டுகளை வைத்துத்தான் யார் என்ன ஆவணம் காட்ட வேண்டும் என்று பிரித்தார்கள். வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. பெயர் விடுபட்ட எல்லாரும் குடியுரிமை இழந்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. இறந்தவர்களும் இடம் மாறியவர்களும் அதில் உண்டு. ஆனால் ஆவணம் கேட்கிற நாளில் யாருடைய கை நடுங்கும்? நிலப் பத்திரம் இல்லாதவன், செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராகப் போகிறவன், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட தேதியையே பிறந்த தேதியாகச் சுமக்கிறவன். 1948இல் நம்மிடம் பூட்டனுடைய சான்றைக் கேட்டார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டு குடியுரிமை

இனி கடமைக்கு வருகிறேன். அதற்கு முன் அம்மாயியின் கதையில் ஒரு பகுதி பாக்கி இருக்கிறது.

மண்டபம் முகாமில் குடும்ப அட்டை கொடுத்து அனுப்பினார்கள். அம்மாயி முதலில் போனது திருச்சிப் பக்கம் அவருடைய மாமனாரின் சொந்த ஊருக்கு. சொந்த ஊர் என்றால் ஊர் இல்லை, ஊருக்கு வெளியே சேரி. பஸ்ஸை விட்டு இறங்கி, பிள்ளைகளுக்குப் பசி என்று டீக்கடைக்குப் போயிருக்கிறார். எந்தத் தெரு என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். சொன்னதும் கூரையில் செருகியிருந்த வேறு குவளையை எடுத்துக் கொடுத்தார். “லயத்துலயும் சாதி இருந்துச்சு. கங்காணி வீட்டுத் திண்ணையில நம்ம ஏற முடியாது. ஆனா பீலித் தண்ணி எல்லாருக்கும் ஒண்ணுதான். நான் இந்தியாவுல குடிச்ச மொத டீயி தனிக் குவளையிலடா” என்பார். ஆறு மாதத்தில் அந்த ஊரை விட்டுவிட்டு, தேயிலைதான் தெரிந்த வேலை என்று இந்த மலைக்கு வந்துவிட்டார்கள்.

அந்த நிமிடம் அவர் பையில் இந்திய பாஸ்போர்ட் இருக்கிறது. அசோகச் சக்கரம் போட்டது. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி அவரை இந்தியக் குடிமகளாக்கியிருக்கின்றன. டீக்கடைக்காரருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் குவளை மாறியிருக்காது.

நம் மொழியில் ஒரு விஷயம் இருக்கிறது. 1955இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று குடியுரிமைச் சட்டம். இன்னொன்று தீண்டாமைக் குற்றங்கள் சட்டம். அந்த இரண்டாவது சட்டத்துக்கு 1976இல் பெயர் மாற்றினார்கள். தமிழில் அதன் பெயர் என்ன தெரியுமா? குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். ஊரில் ‘பி.சி.ஆர். கேஸ்’ என்கிறோமே, அதுதான். வேறு மொழிகளில் இந்த இரண்டும் இரண்டு சொற்களாக இருக்கலாம். தமிழில் ஒரே சொல். தேசத்தின் உறுப்பினராக இருப்பதும் குடியுரிமை, தெருக் குழாயில் தண்ணீர் பிடிப்பதும் குடியுரிமை. மொழிபெயர்த்தவர் யோசித்துச் செய்தாரா என்பது வேறு விஷயம், நமக்கு இது சரியாகப் பொருந்துகிறது. முதல் குடியுரிமையை அரசு கொடுக்கும், அரசு பறிக்கும். இரண்டாவதைப் பக்கத்து வீட்டுக்காரன் பறிப்பான். அம்மாயிக்கு இலங்கையில் முதலாவது இல்லை. இங்கே வந்ததும் அது கிடைத்தது, இரண்டாவது போயிற்று.

அதே 1976இல்தான், நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆவது திருத்தத்தில் அடிப்படைக் கடமைகள் வந்தன. 51அ உறுப்பு. அப்போது பத்து, 2002இல் ஒன்று சேர்ந்து பதினொன்று. மேடையில் கடமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பதினொன்றையும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். கொடியை மதிக்க வேண்டும். ஆறு, ஏரி, காடுகளைக் காக்க வேண்டும். அறிவியல் மனப்பான்மையை வளர்க்க வேண்டும். மத, மொழி, வட்டார, பிரிவு வேறுபாடுகளைக் கடந்து சகோதரத்துவம் வளர்க்க வேண்டும். பெண்களின் கண்ணியத்தைக் குறைக்கும் பழக்கங்களைக் கைவிட வேண்டும். எல்லாம் நல்லவை. ஆனால் சாதி என்ற சொல் அதில் இல்லை. தீண்டாமையைக் கைவிடுவது குடிமகனின் கடமை என்று அந்தப் பட்டியலில் ஒரு வரி இல்லை.

கடமை என்ற சொல் நமக்குப் புதிது இல்லை. வருணாசிரமம் முழுக்கக் கடமைப் பட்டியல்தான். உரிமையே இல்லாமல் கடமை மட்டும் சுமந்த மக்கள் நாம். பறை அடிப்பது கடமை, பிணம் சுமப்பது கடமை, மலம் அள்ளுவது கடமை. அதனால் ‘உரிமையைப் பேசாதே, கடமையைப் பேசு’ என்று யாராவது சொன்னால், இந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று நமக்குத் தோன்றத்தான் செய்யும்.

அதற்காகக் கடமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்பேத்கர் நமக்குக் கடமைகளை எழுதிவைத்திருக்கிறார். 51அ உறுப்பில் இல்லை, அடிப்படை உரிமைகளுக்குள்ளேயே இருக்கிறது. 15இன் இரண்டாம் பிரிவு: கடை, உணவகம், கிணறு, குளம், சாலை எதிலும் சாதி பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது. 17: தீண்டாமை ஒழிக்கப்படுகிறது. 23: கட்டாய உழைப்பு கூடாது. இவை அரசை மட்டும் கட்டுப்படுத்துகிறவை அல்ல. டீக்கடைக்காரரையும் கட்டுப்படுத்துகின்றன. ஒருவனுடைய உரிமை இன்னொருவனுடைய கடமை என்பது இந்த மூன்று உறுப்புகளில்தான் நேராக இருக்கிறது. அடிப்படைக் கடமையை மீறினால் தண்டனை இல்லை. 17ஐ மீறினால் சிறை.

நமக்குப் பின்னால் வந்தவர்கள்

கடைசியாக, நம் வீடுகளுக்குள் பேச வேண்டிய ஒன்று.

தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள். நல்லதுதான். ஆனால் நாற்பது ஆண்டு இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள். பெரும்பாலும் உரிய பயண ஆவணம் இல்லாமல் படகில் வந்தவர்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் மலையகத்தார். நம் அம்மாயிகளின் அக்கா தங்கைகளின் பிள்ளைகள். 1964 கணக்கில் ஒரு பக்கம் விழுந்ததால் நாம் குடிமக்கள், மறுபக்கம் விழுந்ததால் அவர்கள் அகதிகள்.

அரசமைப்பில் 14, 21 உறுப்புகள் ‘குடிமகன்’ என்று சொல்லவில்லை, ‘எந்த நபரும்’ என்கின்றன. சட்டத்தின் முன் சமத்துவமும் உயிர்வாழும் உரிமையும் முகாமில் இருப்பவருக்கும் உண்டு. சக்மா அகதிகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. ஆனால் 16, 19 உறுப்புகள் குடிமக்களுக்கு மட்டும். அரசு வேலை இல்லை, வாக்கு இல்லை. பொறியியல் படித்த பையன் பெயின்ட் அடிக்கப் போகிறான்.

வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் நீதிமன்றம் போனார். 1987 ஜூலை 1க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர், ஆகவே பிறப்பாலேயே குடிமகள் என்ற வாதம் மதுரைக் கிளையில் 2022இல் ஏற்கப்பட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அதே முகாமில், அதே மருத்துவமனையில், 1987 ஜூலை 2ஆம் தேதி பிறந்த குழந்தைக்கு இந்தக் கதவு மூடியிருக்கும். ஒரு நாள் வித்தியாசம். அந்தக் குழந்தை என்ன தவறு செய்தது?

என் மாமா ஒருவர் கூடலூரில் இருக்கிறார். முகாம் பற்றிப் பேச்சு வந்தாலே, “நாங்க அகதி இல்லப்பா, நாங்க ஒப்பந்தத்துல வந்தவங்க, அவுங்க வேற” என்பார். எனக்குக் கோபம் வரும். பிறகு யோசித்தால் புரிகிறது. சாதிச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்து, ‘நீ சிலோன்காரன்தானே, உனக்கு இங்கே ஏது சாதி’ என்று கேட்கப்பட்டவர் அவர். (டீக்கடையில் மட்டும் சாதி உடனே தெரிந்துவிடுகிறது.) தன் காகிதம் எப்போது வேண்டுமானாலும் கிழிக்கப்படலாம் என்ற பயம் இருக்கிறவன், தனக்குக் கீழே இன்னொருவனைக் காட்டத்தான் செய்வான். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது இதைத்தான். அதை நாமும் செய்தால், 1948இல் நமக்குச் செய்யப்பட்டதைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

எனவே மூன்று வேலைகள். முதலாவது, பக்கத்து முகாமுக்குப் போங்கள். 1987 ஜூலைக்கு முன்பு இங்கே பிறந்தவர்கள் யார் யார் என்று கேளுங்கள், பிறப்புப் பதிவைத் தேட உதவுங்கள், சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிப்போங்கள். மற்றவர்களுக்காக, ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற தடையை நீக்கி, பதிவு வழியே குடியுரிமை கொடு என்று ஒன்றிய அரசிடம் கேட்பது நம் கோரிக்கையாக இருக்கட்டும். மதம் பார்க்காமல் கேட்க வேண்டும். ‘அவர்களும் இந்துக்கள்தானே, ஏன் சேர்க்கவில்லை’ என்று கேட்பது எளிது. அப்படிக் கேட்ட உடனே முஸ்லிமை வெளியே நிறுத்திய விதியை நாமும் ஒப்புக்கொண்டவர்கள் ஆகிவிடுவோம்.

இரண்டாவது, நம் லயங்களில், நம் காலனிகளில் யாருக்குப் பிறப்புச் சான்று இல்லை, யார் பெயர் எந்தக் காகிதத்தில் எப்படித் தப்பாக இருக்கிறது என்று கணக்கெடுங்கள். தாமதமாகவும் பிறப்பைப் பதிவு செய்யச் சட்டத்தில் வழி உண்டு. சலிப்பான வேலைதான். ஆனால் நம் பூட்டனுக்கு இதைச் செய்ய யாரும் இல்லை.

மூன்றாவது, இரண்டாவது குடியுரிமை. உங்கள் ஊரில் எந்தத் தெருவில் யார் நடக்க முடியாது, எந்தக் கடையில் யாருக்கு எந்தக் குவளை, எந்தச் சுடுகாடு யாருக்கு என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டு அரசமைப்பு நாளில் முகவுரையை வாசிப்பதில் பொருள் இல்லை.

அம்மாயி இப்போது இல்லை. பாஸ்போர்ட் என்னிடம் இருக்கிறது, எப்போதோ காலாவதியானது. சாகும்வரை அவர் ஒரு தேர்தலில்கூட வாக்களிக்காமல் இருந்ததில்லை. மழையோ பனியோ, முதல் ஆளாக வரிசையில் நிற்பார். வந்து மையைக் காட்டுவார். யாருக்குப் போட்டார் என்று ஒருநாளும் சொல்லமாட்டார். கேட்டால், “அது என் உரிமைடா, உனக்கெதுக்கு” என்பார்.